லைன் வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு: நீலகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும், வீட்டு வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்களுக்கும் குறைந்த வாடகையில் வீடு அமைத்துத் தரும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் வேலை செய்கிறேன். லாபம் பார்க்கும் அமைப்பு இல்லை. வருகிற வாடகை பழுதுபார்ப்புக்கும் அடுத்த வீட்டின் முன்பணத்துக்கும் போய்விடும். 2022 ஆகஸ்டில் எங்களிடம் வந்த ஒரு தாயின் நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். ஊர், தோட்டம், பள்ளி எதன் பெயரும் இதில் இருக்காது.

பின்னணி

அந்தப் பெண்ணின் பாட்டனார் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமான குடும்பங்கள் நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் அரசே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அப்படி வந்ததுதான். தனியார் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. எங்கே போனாலும் கிடைத்தது, தோட்டத்துக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். அவருடைய குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒருவர் பெயரிலும் வீடு இருந்ததில்லை.

தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். நடைமுறையில் அந்த வீடு நிரந்தரத் தொழிலாளியின் பெயரில் பதிவாகும். இங்கே நிரந்தரத் தொழிலாளி கணவர். மனைவி பத்தாண்டுகளுக்கு மேல் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தும் தற்காலிகப் பட்டியலிலேயே இருந்தார். நாள் கூலி 350 ரூபாய். எட்டாம் வகுப்பில் ஒரு மகள், இரண்டாம் வகுப்பில் ஒரு மகன். வீட்டில் மாமியாரும் உண்டு.

அடி திருமணமான இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. சம்பள நாளில் குடி, குடித்த இரவில் அடி என்று அது மாதக் கணக்காகவே ஆகிவிட்டது. எங்களிடம் வருவதற்கு முன் மூன்று முறை பிள்ளைகளுடன் வெளியேறியிருக்கிறார். இரண்டு முறை அண்ணன் வீட்டுக்கு. அங்கேயும் லைன் வீடுதான். ஓர் அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். மூன்றாவது முறை மணிக்கட்டு எலும்பு முறிந்த நிலையில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சிகிச்சை, ஆலோசனை, புகார் எல்லாம் அங்கே முறையாக நடந்தன. ஆனால் அத்தகைய மையத்தில் பொதுவாக 5 நாள்தான் தங்கலாம். இடம் காலியாக இருந்த காப்பகம் சமவெளியில். பிள்ளைகளின் பள்ளியை விட்டுவிட்டு, பழக்கமே இல்லாத ஊருக்குப் போக அவர் தயங்கினார். ஆறாம் நாள் கணவர் வீட்டுக்கே திரும்பினார்.

“அடித்தாலும் திரும்பிப் போகிறார்களே” என்று படித்தவர்களே இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “போகாமல் என்ன செய்வது அக்கா? பிள்ளைகளை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலா படுப்பது?”

முதல் சந்திப்பில் தெரிந்தவை

பக்கத்து லைனில் இருந்த ஒரு மூத்த தொழிலாளிதான் அவரை எங்களிடம் அழைத்து வந்தார். வரும்போது கையில் துணிப்பை எதுவும் இல்லை. ஆதார் அட்டைகள், பிறப்புச் சான்றுகள், மகளின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓராண்டாக அந்த மூதாட்டி வீட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருந்திருக்கிறார். அதை மட்டும் எடுத்து வந்திருந்தார். வெளியேறுவதென்று மனத்துக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்ட பெண் என்பதை அந்த உறையே காட்டியது. வீடுதான் அமையாமல் இருந்தது.

வாடகைக்கு வீடு தேடியும் பார்த்திருக்கிறார். சிறிய ஊர்களில்கூட ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்கு 4,500 முதல் 5,000 ரூபாய் வாடகை, பத்து மாத முன்பணம் என்று கேட்டார்கள். மாதத்தில் 22 நாள் வேலை கிடைத்தால் அவருக்கு 7,700 ரூபாய். பணம் திரட்டினாலும் அடுத்த கேள்வி காத்திருந்தது: “வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?” கணவர் உடன் இல்லை என்றதும் இரண்டு இடங்களில் வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மலையில் வாடகை ஏறுவதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. சரிவில் கட்டுவதற்கான இடமே குறைவு. கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் அனுமதி இன்னும் கடினம். அந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த யாரும் அவற்றைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம், பழைய நிலக்கிழார்களின் நிலவுடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா வாங்குவதே பெரும்பாடு. இத்தனைக்கும் மேல், இருக்கிற வீடுகளும் ஒவ்வொன்றாகச் சுற்றுலா விடுதிகளாக மாறுகின்றன. ஏப்ரல், மே சீசனில் ஒரு வாரம் பயணிகளுக்கு விட்டால், உள்ளூர்க் குடும்பம் ஒன்று தரும் இரண்டு மாத வாடகை கைக்கு வந்துவிடும்.

ஆகவே நாங்கள் புதிதாகக் கட்டுவதில்லை. உரிமையாளர்களிடமிருந்து வீடுகளை அறக்கட்டளையின் பெயரில் வாடகைக்கு எடுத்து, செப்பனிட்டு, குடியிருப்பவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத வாடகையில் விடுகிறோம். மீதியை நன்கொடையிலிருந்து ஈடு செய்கிறோம். வன்முறையிலிருந்து வந்த பெண்களை மட்டும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதும் இல்லை. தையல்காரர் குடும்பம், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, பள்ளி ஆயா என்று பலரும் அதே வரிசையில் இருப்பார்கள். “அடிபட்ட பொம்பளைங்க வீடு” என்று ஊர் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டத் தொடங்கினால், தேடி வருகிறவனுக்கு வழி காட்டியது போலாகிவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது சட்ட வழி. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 19ஆவது பிரிவின்படி கணவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைத்த வழக்கறிஞர் முதலில் இதைத்தான் முன்வைத்தார். வெளியேற வேண்டியவர் அடிக்கிறவர்தான், அடிபட்டவர் இல்லை. அந்த நியாயத்தில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

ஆனால் இந்த வீட்டுக்கு அது பொருந்தவில்லை. வீடு தோட்ட நிர்வாகத்துடையது. கணவரின் வேலையோடு கட்டுண்டது. அவர் வேலையை விட்டு நின்றுவிட்டால் மனைவிக்கும் வீடு இல்லை. அதே பிரிவின் கீழ்ப் பெண் எவரையும் வெளியேற்ற உத்தரவிட முடியாது. ஆகவே மாமியார் அங்கேயே இருப்பார். இரு பக்கச் சுவருக்கு அப்பாலும் கணவரின் உறவினர்கள். காலியான லைன் வீடு ஒன்றை இவர் பெயருக்குத் தர முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டோம். நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் வீடு என்று பதில் வந்தது.

அந்தப் பெண்ணே முடிவைச் சொன்னார். அந்த லைனுக்குத் திரும்ப மாட்டேன் என்றார். எனவே 19ஆவது பிரிவிலேயே உள்ள இன்னொரு வழியை எடுத்தோம்: அதே தரத்தில் மாற்று வீடு, அல்லது அதற்கான வாடகையைக் கணவர் தர வேண்டும் என்ற உத்தரவு. கூடவே 18ஆவது பிரிவில் பாதுகாப்பு உத்தரவு. அந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நடுவர் நீதிமன்றத்தில் சேர்த்தார். இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு விரைவில் வந்தது. வாடகை உத்தரவு வர மாதங்கள் ஆயின.

அடுத்த கேள்வி, எவ்வளவு தூரத்தில் வீடு. எங்களில் மூத்த ஆலோசகர் கோயம்புத்தூர் என்றார். பாதுகாப்பை மட்டும் கருதினால் அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தொழில் தேயிலை. மலையில் இருந்தால் மறுநாளே யாராவது ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் இலை எடுக்கப் போகலாம். சமவெளிக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே, பழைய தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தொலைவில் ஒரு வீட்டைத் தேர்ந்தோம்.

பள்ளி மாற்றத்தில் அதிகக் கவனம் தேவைப்பட்டது. டி.சி. கேட்டால் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது அன்று மாலையே லைன் முழுக்கத் தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. புதிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் உத்தரவின் நகலைக் காட்டினோம். அவர் அன்றே இருவரையும் வகுப்பில் உட்கார வைத்தார். பதிவு மாற்றத்தை, பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண் வழியாக அவரே முடித்துக் கொடுத்தார்.

வீட்டு உரிமையாளர் வயதானவர். “ஆண் துணை இல்லாத வீடு, நாளைக்கு ஏதாவது என்றால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அறக்கட்டளை, குடியிருப்பவரால் தர முடியாத மாதத்திலும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வரும், ஒழுகும் கூரையை நாங்களே மாற்றுவோம் என்றதும் சம்மதித்தார். அவருக்கு 5,000, அந்தப் பெண்ணிடமிருந்து முதல் ஆறு மாதம் 1,500, பிறகு 2,500.

சாவி கொடுத்த நாளில் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். சமையலறையைப் பார்க்கவில்லை, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும் என்று கேட்கவில்லை. நேராகக் கதவிடம் போனார். வெளிப்பக்கம் இருந்த கொண்டியை இழுத்துப் பார்த்தார். “இது வேண்டாம், கழற்றிவிடலாமா?” என்றார். பழைய வீட்டில் அவரை உள்ளே வைத்து அதைப் போல ஒன்றைத்தான் பூட்டியிருக்கிறார்கள். தச்சர் அன்று மாலையே வந்து வெளிக் கொண்டியைக் கழற்றி, உள்ளே இரண்டு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார்.

முதல் ஆண்டு

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவரில் விரிசல் விழுந்ததும், அந்த வரிசையில் இருந்த எல்லோரும் நான்கு இரவுகள் பள்ளிக் கட்டடத்தில் தங்கினார்கள். சுவரைச் சரி செய்ய ஆன செலவு எங்களுடைய அந்த ஆண்டுப் பழுதுபார்ப்பு நிதியில் பாதியை விழுங்கிவிட்டது. மலையில் குறைந்த வாடகை வீடு நடத்துவதில் பெரும் பகுதி சுவர், கூரை, ஓதம் இவற்றோடு மல்லுக்கட்டுவதுதான்.

டிசம்பர் கடைசியில் உறைபனி. பனியில் தேயிலை கருகினால் இலை இல்லை. இலை இல்லாவிட்டால் தற்காலிகத் தொழிலாளிக்கு வேலை இல்லை. ஜனவரியில் அவருக்குக் கிடைத்தது ஒன்பது நாள் வேலை. வாடகை நிலுவை விழுந்தது. கேரட் அறுவடைக்குப் போனால் கூலி அதிகம். ஆனால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் லாரி போய்ச் சேர வேண்டும் என்பதால் அந்த வேலை விடியலுக்கு வெகுநேரம் முன்பே, இருட்டில் தொடங்கிவிடும். பிள்ளைகளைத் தனியே விட்டுப் போக அவர் விரும்பவில்லை. அது நியாயமான பயம். ஜனவரி முதல் மார்ச் வரை வாடகையைப் பாதியாக்கி, மீதியை மழைக்குப் பிறகு இலை பெருகும் மாதங்களில் பிரித்துக் கட்டும்படி ஒப்பந்தத்தைத் திருத்தினோம். ஜூலைக்குள் நிலுவை முழுவதையும் தீர்த்துவிட்டார்.

ரேஷன் அட்டை விவகாரம் நீண்டது. பழைய அட்டையின் தலைவர் மாமியார். அதிலிருந்து மூவரின் பெயரும் நீங்கினால்தான் புதிய அட்டை. நீக்கித் தர அந்த வீட்டில் யாரும் தயாராக இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது இதன் விலை என்னவென்று தெரிந்தது: ஓர் அட்டைக்கு ஒருவர், மாதம் 1,000 ரூபாய், அது பழைய அட்டைக்குப் போனது. நீதிமன்ற உத்தரவின் நகலையும் வாடகை ஒப்பந்தத்தையும் வைத்து வட்ட வழங்கல் அலுவலகத்தில் பலமுறை முறையிட்ட பிறகே புதிய அட்டை வந்தது. அவருடைய பெயரில் புதிய வீட்டின் முகவரி உள்ள முதல் அரசு ஆவணம் அதுதான்.

கணவர் தேடி வந்தபோது

2023 நவம்பரில் கணவர் கடைவீதியில் அவரைப் பார்த்துவிட்டார். பின்தொடர்ந்து வந்து வீட்டு வாசலில் நின்று கத்தினார். பக்கத்து வீட்டுத் தையல்காரரும் மனைவியும் வெளியே வந்து நின்றார்கள். இன்னொருவர் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைத்தார். பாதுகாப்பு உத்தரவை மீறினால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்தில் புகார் பதிவானது. அதற்குப் பிறகு அவர் அந்த வாசலுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, குடியை விட்டுவிட்டதாகவும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றும் உறவினர் மூலம் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் யோசிக்கத் தொடங்கினார். எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. கணவரை எக்காரணம் கொண்டும் அந்த வரிசைக்குள் விடக் கூடாது என்று வாடகை விதியிலேயே எழுத வேண்டும் என்பது ஆலோசகரின் கருத்து. அவர் இப்படிப்பட்ட சமரசங்கள் முடிந்த விதத்தை நிறையப் பார்த்தவர். நான் எதிர்த்தேன். யார் வரலாம், யார் வரக் கூடாது என்று இத்தனை ஆண்டுகளாகக் கணவர் வீட்டார் தீர்மானித்தார்கள். இனி அதை அறக்கட்டளை தீர்மானிக்குமானால், அவருக்குக் கிடைத்தது இன்னொருவருடைய லைன் வீடுதான்.

கடைசியில் இப்படி ஏற்பாடானது. வீட்டுக்குள் யாரை விடுவது என்பது குடியிருப்பவரின் விருப்பம். பாதுகாப்பு உத்தரவு நடப்பில் உள்ள ஒருவர் வருவதானால் மட்டும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே வரிசையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். பிள்ளைகளின் தாய் கணவரை வீட்டுக்கு அழைக்கவில்லை. மாதம் ஒரு முறை பாதுகாப்பு அலுவலரின் அலுவலகத்தில் சந்திக்கட்டும் என்றார். மகன் போய் வந்தான். மகள் வர மாட்டேன் என்றாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு கணவர் வருவதே நின்றுபோனது. நீதிமன்றம் விதித்த மாதம் 2,000 ரூபாய் வாடகைத் தொகையும் ஏறக்குறைய அதே சமயத்தில் நின்றது. அதை வசூலிக்கும் மனு நிலுவையில் இருக்கிறது.

2024 இல்

அந்த ஆண்டு மகளிர் கட்டணமில்லாப் பஸ் பயணம் மலைப் பகுதிகளுக்கும் வந்தது. அதுவரை அவருடைய கூலியில் நாளொன்றுக்கு முப்பது ரூபாய் பஸ்ஸுக்கே போயிருந்தது. அந்தப் பணம் மிஞ்சியதும் வாடகையை 3,000 ஆக்கலாம் என்று அவரே வந்து சொன்னார். இலை எடுக்கும் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து சிறு விவசாயிகளிடம் மொத்தமாக வேலை எடுக்கத் தொடங்கினார்கள். இயந்திரக் கத்தரியும் அவர்களிடமே இருந்ததால் வேலை நாள் கூடியது.

அதே ஆண்டு ஏப்ரலில் உரிமையாளரின் மகன், சீசனுக்கு விடுதியாக மாற்ற வேண்டும் என்று வீட்டைத் திருப்பிக் கேட்டார். 11 மாத ஒப்பந்தம் முடியும் தருவாய். தந்தையிடம் பேசினோம். இந்த ஆண்டுகளில் எந்த மாதமும் வாடகை தவறியதில்லை, கூரையும் கழிப்பறையும் புதிதாக இருக்கின்றன என்பதை அவர் எடுத்துச் சொன்ன பிறகு மகன் இறங்கி வந்தார். வாடகை 5,800 ஆனது. இந்த முறை மூன்று ஆண்டுகளுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எல்லா வீடுகளுக்கும் மூன்றாண்டுப் பதிவு ஒப்பந்தமே போடுகிறோம். முத்திரைத்தாள் செலவு கூடும். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு குடும்பம் தூக்கமில்லாமல் கிடப்பது நிற்கும். பனிக்கால வாடகை இப்போது தேயிலை வேலை செய்யும் அனைவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிலுவை விழுந்த பிறகு கூச்சத்தோடு வந்து கேட்க வேண்டியதில்லை. ரேஷன் அட்டை மாற்ற மனுவைச் சாவி கொடுக்கும் வாரத்திலேயே போடுகிறோம்.

எங்கள் கையில் இல்லாதவையும் உண்டு. சேவை மையத்தின் ஐந்து நாளுக்கும் வாடகை வீட்டுக்கும் இடையில் ஒரு பெண் எங்கே தங்குவார் என்பதற்கு மலையில் இன்னும் சரியான பதில் இல்லை. இவர் விஷயத்தில் வீடு காலியாக இருந்தது. அடுத்து வந்தவருக்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எப்போதும் ஒரு வீட்டைக் காலியாக வைத்திருக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 ரூபாய் வேண்டும். தோட்டங்களில் பாழடைந்து கிடக்கும் லைன் வீடுகளில் சிலவற்றையாவது, பல ஆண்டு வேலை செய்த தற்காலிகப் பெண் தொழிலாளிகளின் பெயரில் ஒதுக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்களோடு சேர்ந்து கேட்டு வருகிறோம். ஒரு நிர்வாகம் பேச முன்வந்திருக்கிறது.

அந்தப் பெண் அதே வீட்டில் இருக்கிறார். மகள் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். ஒப்பந்தம் 2027 ஏப்ரலில் முடியும். புதுப்பிக்கும் பேச்சை உரிமையாளரின் மகனோடு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே, சீசன் கணக்கு அவர் மனத்தில் ஏறுவதற்கு முன், தொடங்குவதாக இருக்கிறோம்.